வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலி

"தழும்பு இருக்கா, இல்லையா? மொதல்ல அதைச் சொல்லு" என்றாள் மார்லீன்.

நோரீன் இல்லை என்று தலையாட்டினாள். கர்ட்டிஸ் டாட்டியைப் பார்த்தான். டாட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

ஓஹையோவில் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் அடித்தளத்தில் செவ்வாய்தோறும் கூடும் சங்கம் அது. கூட்டக் கொலைகளில் உயிர் தப்பியவர்களுக்கு மட்டும். மார்லீன் பேரங்காடித் துப்பாக்கிச் சூட்டில் தப்பியவள், கர்ட்டிஸ் கோடை முகாமில் கோடரிக்காரனிடம், டாட்டி நடன விடுதியில். மூவர் கதையையும் ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போட, அது சக்கைப்போடு போட்டது. அன்றிலிருந்து போலிகளின் தொல்லை தாங்கவில்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விசாரணை.

நோரீன் வந்ததுமே வட்டத்தைக் கெடுத்தாள். கதவுக்கு முதுகு காட்டிய நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. அதைச் சுவரோரம் இழுத்துப்போய், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"இங்க வட்டமா உக்கார்றதுதான் வழக்கம்" என்ற டாட்டி, கதவுக்கு முதுகைக் கொடுத்துச் சாவகாசமாகச் சாய்ந்து ஒரு டோனட்டைக் கடித்தாள்.

"சரி, நடந்ததைச் சொல்லு" என்றாள் மார்லீன்.

"போன மார்ச்சுல, எங்க ஊர்ல..."

"ஊர், தேதியெல்லாம் வேண்டாம்" என்று மார்லீன் கையமர்த்தினாள். "இங்க யாரும் அதைக் கேக்கறதில்ல. புண்ணைக் கிளறின மாதிரி ஆயிடும்."

"சலவைக் கடை மெஷின்ல துணி காயப்போட்டுட்டு இருந்தேன். ஒருத்தன் வந்து சுட ஆரம்பிச்சான். மெஷினுக்குப் பின்னால படுத்துக்கிட்டேன். கூட இருந்தவங்க எல்லாரும் செத்துப்போயிட்டாங்க."

"அவன் உன்கிட்ட ஏதாவது பேசினானா?"

"இல்லைங்க."

"கண்ணோட கண்ணாவது பார்த்தானா?"

"அவன் மொகத்தையே நான் பார்க்கலை. ஷூவைத்தான் பார்த்தேன்."

கர்ட்டிஸ் கொட்டாவி விட்டான். "என் கதையில இடி இடிக்கும், கரண்டு போகும், கடைசியில கோடரி என் கையில இருக்கும். நீ என்னதான் பண்ணினே?"

"ஒண்ணுமே பண்ணலை. மறுநாள் வேலைக்குப் போனேன். லீவு சொல்லலை, அதான்."

டாட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சு கண்ணு, கொஞ்சம் நல்லாத்தான் சொல்லேன்."

நோரீனுக்கு அழுகை முட்டியது. "நான் புத்தகத்துக்காக வரலைங்க. வீட்ல எல்லாரும் மறந்துடு, மறந்துடுங்கறாங்க. பட்டவங்களோட கொஞ்ச நேரம் உக்காந்தா தூக்கமாவது வரும்னு நெனச்சேன். நீங்களும் வேண்டாம்னா எனக்குப் போக வேற இடம் கிடையாது."

கல்லும் கரைந்திருக்கும். ஆனால் புத்தகம் போட்டவர்கள் அத்தனை சுலபத்தில் கரைவார்களா? ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று மூன்று கைகளும் உயர்ந்தன.

"தப்பா எடுத்துக்காதே" என்றாள் மார்லீன். "நெஜமாப் பட்டவங்களுக்கு இது புனிதமான இடம்."

நோரீன் எல்லோருக்குமாகச் செய்துகொண்டு வந்த மக்ரோனிப் பாத்திரத்தை மேசையிலிருந்து எடுக்கப் போனாள். "அது இருக்கட்டும் கண்ணு" என்றாள் டாட்டி. கர்ட்டிஸ் அதற்குள் கரண்டியை விட்டிருந்தான்.

அப்போது மாடியில் யாரோ அடுக்கிய இரும்பு நாற்காலிகள் படபடவென்று சரிந்தன.

கண்ணிமைக்கும் நேரத்தில் நோரீன் மேசைக்கு அடியில் இருந்தாள். போகிற போக்கில் டாட்டியின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, அவள் மேல் கவிழ்ந்து வாயைப் பொத்தியிருந்தாள். மற்ற இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கர்ட்டிஸின் கரண்டியிலிருந்து மக்ரோனி வழிந்தது.

"மூச்சு விடாதீங்க" என்றாள் நோரீன், குரலே எழும்பாமல். "நான் உங்க மேல படுத்திருக்கேன். குண்டு வந்தா என் மேலதான் படும்."

மாடியிலிருந்து "ஒண்ணுமில்ல, நாற்காலிதான்" என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு அது காதில் விழவில்லை. உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருந்தது, பிடியை மட்டும் விடவில்லை.

ஒருவழியாக டாட்டி வாயிலிருந்து அந்தக் கையை மெல்ல விலக்கினாள். படுத்தவாக்கிலேயே, கம்மிய குரலில் கேட்டாள்.

"மார்லீன், நெஜமாத் தப்பிச்சவங்க இப்படித்தான் இருப்பாங்களா?"

மார்லீன் கர்ட்டிஸைப் பார்த்தாள். கர்ட்டிஸ் தரையைப் பார்த்தான்.

"எனக்கென்னடி தெரியும்?" என்றாள் மார்லீன். "நீங்க ரெண்டு பேரும் நெஜம்னு நெனச்சுத்தானே நான் இத்தனை வருஷமாப் புளுகிட்டு இருக்கேன்."