ஒரு சுற்று குறைவு

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அடித்ததும் காட்டுப் பாதையில் ஒரு சுற்று ஓடி, அடுத்த மணிக்குள் திரும்ப வேண்டும். முடியாதவர் விலகிவிட வேண்டும். கடைசியாக மிஞ்சுபவர் தனியாக ஒரே ஒரு சுற்று ஓடினால் பந்தயம் முடிந்தது.

நாற்பத்தெட்டு சுற்றுக்குப் பிறகு மிஞ்சியது தையற்காரியும் தபால்காரரும்தான்.

“அவருக்கு நடந்தே பழக்கம். நீ மெஷின்ல உட்கார்ற ஆளு. போதும்மா, விட்டுடு!” அவள் கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியபடி கெஞ்சினான் கணவன்.

“இன்னும் ஒரு சுத்துங்க. இப்ப விட்டா எல்லாமே வீண்.”

“உன் பிடிவாதம் இருக்கே!”

நொண்டிக்கொண்டே ஓடினாள். திரும்பி வந்தவள் நாற்காலியில் சாய்ந்து ஷூவைக் கழற்றினாள்.

“என்னடி இது? மணி அடிக்கப் போகுது!”

“அடிக்கட்டும். அவர் ஓடட்டும்.”

“ரெண்டு நாளா உயிரைக் கொடுத்து ஓடிட்டு, ஜெயிக்கிற நேரத்துல உட்கார்ந்துட்டியே!”

“நான் எங்கங்க ஜெயிக்க வந்தேன்? போன வருஷம் என் கால் பிசகினப்போ, தன் ஓட்டத்தை விட்டுட்டு என்னை முதுகுல சுமந்து வந்தது இவர்தான். அம்பது சுத்து ஓடணுங்கிறது அவரோட கனவு. கூட ஒருத்தர் நாப்பத்தொம்பது ஓடினாத்தானே அவருக்கு அம்பது?”

மணி அடித்தது. தனியாகப் புறப்பட்ட தபால்காரரைப் பார்த்துக் கூட்டமே கைதட்டியது. கணவன் மட்டும் மனைவியின் பக்கம் திரும்பித் தட்டினான்.