எங்கட ஆக்கள்

“ஐயா, உங்களைச் சுடத் திரிஞ்சது ஆர்? மட்ரிட் ஆக்களோ?”

கேட்டவர் தில்லையம்பலம். கூட்டத்தை ஒழுங்கு செய்தவரும் அவர்தான். பாரிசில் பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மண்டபத்தில் அறுபது பேர் அந்தக் கேள்விக்குத் தலையாட்டினார்கள்.

மேடையில் மொழிபெயர்ப்பாளராக நின்ற நாகேஸ்வரி அதை விருந்தாளிக்குப் பிரெஞ்சில் சொன்னாள்.

2013 செப்டெம்பர். இலங்கையின் வடக்கில் மாகாணசபைத் தேர்தலுக்கு இன்னும் இரண்டு வாரம். ஒரு மாகாணம் தன்னைத் தானே எப்படி ஆளுவது என்று சொல்லித் தர, ஸ்பெயினின் பாஸ்க் நாட்டிலிருந்து எனெக்கோ அரிஸ்தியை அழைத்திருந்தார்கள்.

எனெக்கோ ஒரு மணி நேரமாகத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்தவர். வரிகளைப் பற்றி யாரும் வாசிக்காத இரண்டு புத்தகங்கள் எழுதியவர். எழுதியது போதும், வந்து செய்து காட்டு என்று கட்சிக்காரர்கள் இழுத்ததில், நாற்பத்தைந்து வயதில் அரசியலுக்கு வந்து பாஸ்க் அரசின் நிதிப் பொறுப்பை ஏற்றவர்.

“எங்கட வரியை நாங்களே சேர்க்கிறம். மட்ரிட்டிலை இருக்கிற ஸ்பெயின் அரசுக்கு ஒரு பங்கு அனுப்புறம், அவ்வளவுதான்” என்று நாகேஸ்வரி தமிழாக்கியபோது தில்லையம்பலம் எழுந்து நின்று கைதட்டினார்.

பிறகுதான் எனெக்கோ மெய்க்காவலர்களைப் பற்றிச் சொன்னார்.

பதினொரு வருடங்கள், குண்டு இருக்கிறதா என்று காருக்கு அடியில் குனிந்து பார்க்காமல் ஒரு காலையும் கதவைத் திறந்ததில்லையாம். பாண் வாங்கப் போனாலும் பின்னால் இரண்டு பேர். துப்பாக்கிகள் ஓய்ந்த இந்த இரண்டு வருடமாகத்தான் தனியே நடக்கிறாராம்.

அங்கே பிறந்ததுதான் தில்லையம்பலத்தின் கேள்வி.

எனெக்கோ யோசிக்கவில்லை. சின்னதாக ஒரு பதில் சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார்.

நாகேஸ்வரி ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள்.

அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது அவளுடைய வேலை. சொல்கிறவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அடியையும் சிறையையும், அதற்கு மேலானவற்றையும், குரல் மாறாமல் சொல்லப் பழகியவள். இந்தச் சின்ன வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டாள்.

“பிள்ளை, என்னவாம்?” என்றார் தில்லையம்பலம்.

“மட்ரிட் ஆக்கள் இல்லை,” என்றாள் நாகேஸ்வரி. “எங்கட ஆக்கள்தான். எங்கட தெருப் பொடியள்தான்.”

பின்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். தில்லையம்பலம் தன் கையிலிருந்த துண்டறிக்கையை மடித்தார். இன்னும் ஒருமுறை மடித்தார்.

நாகேஸ்வரி நிறுத்தவில்லை.

“அப்பா உள்ளூராட்சித் தேர்தலிலை நிண்டவர். நிக்க வேண்டாமெண்டு கடிதம் வந்தது. ஆர் ஆண்டாலும் குப்பை அள்ள ஒருத்தன் வேணும்தானே எண்டு சொல்லிப்போட்டு நிண்டவர். வெண்டு பதினேழாம் நாள், விடிய, வாசல்லை நிண்டு ஒருத்தன் ‘சேர்’ எண்டு கூப்பிட்டான். அப்பா படிப்பிச்ச பொடியன்ரை குரல். அப்பா சேர்ட்டும் போடாமல் போனவர்.”

எனெக்கோ தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, அவள் முடிப்பதற்காகப் பணிவோடு காத்திருந்தார்.

“வெடிச்சத்தம் கேட்டு நாங்கள் ஓடி வரேக்கை அவன் ஓடேல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனான்.”

யாரும் கைதட்டவில்லை.

முன்வரிசையில் இருந்த மரியநாயகி எழுந்து மேடைக்கு வந்தாள். சேலைக்கடையில் வேலை செய்கிறவள். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள். அவள் எனெக்கோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனெக்கோ திகைத்துப்போய் நாகேஸ்வரியின் பக்கம் குனிந்தார். இந்த அம்மா எதற்காக அழுகிறார் என்று கேட்டார்.

“உங்கள் தகப்பனாருக்காக,” என்றாள் நாகேஸ்வரி பிரெஞ்சில்.

“என் தகப்பனாருக்கா? அவர் பில்பாவோவில் இருக்கிறாரே! போன மாதம்தான் தொண்ணூறு முடிந்தது.”

நாகேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள்.

பதினைந்து வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணப் பத்திரிகை, அவளுடைய அப்பாவைச் சுட்டது ‘இனந்தெரியாதோர்’ என்று போட்டது. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு அம்மா அதையே சொன்னாள். பாரிசுக்கு வந்து, தன்னுடைய அகதி விண்ணப்பத்தில் நாகேஸ்வரியும் அதையே எழுதினாள். விசாரணை அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டபோதும் அதையே சொன்னாள்.

எனெக்கோ அவளுடைய முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். மரியநாயகியிடமிருந்து கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. தலை குனிந்து நின்றார்.

“பிள்ளை,” என்றாள் மரியநாயகி, மூக்கைத் துடைத்தபடி. “அவரின்ரை தகப்பன்ரை பேரைக் கேட்டுச் சொல்லு. வாற ஞாயிறு மாதா கோயில் பூசைக்குக் குடுக்கப்போறன்.”

நாகேஸ்வரி அதை மொழிபெயர்க்கவில்லை. ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

“பூபாலசிங்கம்,” என்றாள்.