துடைத்த கை

மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டே போன ஜீப்பிலிருந்து ஒரு பெட்டி பாறைமேல் விழுந்து உடைந்தது. இரண்டு தோட்டாக்கள் சேற்றில் உருண்டன.

"போச்சுடா, வெடிக்கப்போறோம்!" என்று ஒன்று அலறியது.

"கண்ணைத் திறடா, பயந்தாங்கொள்ளி" என்று மற்றது சிரித்தது. "விழுந்ததுக்கெல்லாம் வெடிக்கிற மாதிரியா நம்மைச் செஞ்சிருக்காங்க? துப்பாக்கிக்குள்ள போய், விசையை இழுத்து, பின்னாடி ஊசி வந்து குத்தணும்."

ஜீப்பிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். அலறிய தோட்டாவை எடுத்து, சட்டை நுனியால் சேற்றைத் துடைத்து, ஊதி, மெதுவாகத் துப்பாக்கிக்குள் வைத்தான்.

"அப்பாடா! எவ்வளவு இதமான கை" என்றது அது. "இனி விழவே மாட்டேன். ஏண்டா, நீ பேசவே மாட்டேங்கிற?"

சேற்றில் கிடந்த தோட்டாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பாதை வளைவில் யாரோ பாடிக்கொண்டே வருவது அதற்குக் கேட்டது.