உள்ளே அடித்த சிவப்பு

ஏறாவூர்க் கடைக்காரர் றிஸ்லானுக்குக் கொடுக்க வேண்டிய கடன் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். உழவு மெசினைப் புருசன் குகநேசன் விற்றுவிடுவானோ என்று பிரஷாந்தி பயந்துகொண்டே இருந்தாள்.

அவனோ இஞ்சினைக் கழற்றி, கழுவித் துடைத்த வெறும் கூட்டின் உட்புறத்தில் சிவப்புப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தான்.

“இஞ்சாருங்க, உள்ளுக்கு அடிச்சா ஆர் பாக்கப்போறா?”

“பாக்கிறதுக்கில்ல. எண்ணெய் தங்காம வழிஞ்சு இறங்கும். இஞ்சின் கனகாலம் உழைக்கும்.”

“விக்கிறவன் வெளியில மட்டுந்தானே அடிப்பான்?”

“ஓம்.”

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இந்தப் போகம் வவுணதீவு வட்டை வயல்களில் கூலிக்கு உழுதே கடனை அடைத்துவிடலாம்.

இஞ்சின் பூட்டி முடிந்த அன்று றிஸ்லான் லொறியோடு வந்தார். அவள் ஓடிப்போய் மறித்தாள்.

“றிஸ்லான் நானா, ஒரு போகம் பொறுங்க. உழுது தந்திருவம்.”

“நான் நெருக்கல்ல தங்கச்சி. ‘திருத்தித் தாறன், கடனுக்கு எடுங்க’ எண்டு கேட்டது இவர்தான்.”

அவள் புருசனைப் பார்த்தாள். “அப்ப என்னத்துக்கு உள்ளுக்கும் அடிச்சீங்க?”

“அடிக்கக்குள்ள அது நம்மட மெசின்தானே.”

மெசினை லொறியில் ஏற்றிக் கட்டியதும், “கணக்குச் சரி” என்று சொல்லிவிட்டு றிஸ்லானும் ஏறினார். அந்த வீட்டில் இனி ஒரு சதக் கடனில்லை. உழைத்துத் தின்னவும் ஒன்றுமில்லை.