அந்தரத்தில் நிற்கும் பூனை

இந்தப் படத்துக்குப் பதினொரு நாள் கயிறு இழுத்த கூலியில் நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது பாக்கி. அதைக் கேட்கத்தான் தியேட்டருக்கு வந்து தயாரிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாளே மொத்தம் ஏழு பேர். திரையில், பழைய கார்ட்டூன் பூனையாக வேஷம் கட்டிய நடிகர் மலை விளிம்பைத் தாண்டி ஓடிவந்து, அது தெரியாமல் அந்தரத்தில் நிற்கிறார்; கீழே பார்த்தால்தான் விழுவார். வால் மட்டும் காற்றில் ஆடுகிறது. அவரைத் தூக்கிப் பிடிக்க நான் இழுத்த கயிறு எங்குமே தெரியவில்லை. இழுத்தவன் நானே வாய் பிளந்து பார்க்கிறேன். முன்வரிசையில் ஒரு குழந்தை, “கீழ பாக்க வேணாம்னு சொல்லுப்பா!” என்று அழுகிறது. காய்ப்பேறிய என் கைகள் தாமாகவே இறுகி, இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொள்கின்றன. தயாரிப்பாளர் நோட்டுகளை நீட்டுகிறார்.

“உங்க பாக்கி முழுசா இருக்குண்ணே. எண்ணிக்கோங்க.”

“சட்டைப் பையில வைங்க சார். கைய விட்டா அவரு விழுந்துருவாரு.”