குதிரைக் கண்ணில் ஒரு தூசி

"கண்ணு மட்டும் தெளிவாத் தெரியணும் தம்பி. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு லாயக்காரர் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். கணினித் திரையில் அவருடைய பழுப்புக் குதிரை நின்றது.

ஸ்டூடியோவில் படம் திருத்துகிறவனுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. வேண்டாததை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிகிறான் என்று முதலாளி வைத்தது இது. கல்யாணப் படம் ஒன்றில் மாப்பிள்ளையின் தாய்மாமனையே வெட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

வளர்த்த பிராணியின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் கேட்டு வருகிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். நாயோ பூனையோ, போய்ச் சேர்ந்திருக்கும். இவரும் கறுப்பு வெள்ளையில், சட்டம் போட்டே தரச் சொன்னார். காலையில் சொந்தக்காரர்கள் வருவதற்குள் சுவரில் மாட்டியாக வேண்டுமாம்.

ஒரு குதிரைக்கு இத்தனை சொந்தமா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான்.

"கவலைப்படாதீங்கண்ணே. உயிரோட நிக்கிற மாதிரியே பண்ணித் தர்றேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கைபேசியில் எடுத்த படம். எடுத்தவர் யாரோ, எடுக்கத் தெரியாதவர். குதிரையை நட்டநடுவில் நிறுத்தியாயிற்று. ஒரு பக்கம் தண்ணீர் வாளி, இன்னொரு பக்கம் பாதிக் கதவு, தலைக்கு மேலே தொங்கும் மின்சார வயர்.

கத்தரிக்கோல் வேலையை ஆரம்பித்தான். வாளி போயிற்று. கதவு போயிற்று. வயரோடு சேர்ந்து காது நுனிகளும் போயின. போகட்டும், நெருக்கி வெட்டினால்தான் முகத்துக்குக் கம்பீரம். தலையை ஓரமாகத் தள்ளி, குதிரை பார்க்கிற பக்கம் கொஞ்சம் இடம் விட்டான்.

பிறகு வண்ணத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினான். சும்மா எடுத்தால் படம் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். சிவப்பு கலந்த இடங்களில் மட்டும் தனியே வெளிச்சத்தை ஏற்றினான். பழுப்பு முகம் வெளுத்து, எலும்பும் நரம்பும் மேலெழுந்து வந்தன. பின்னால் இருந்த சுவரை இருட்டுக்குள் தள்ளினான்.

கடைசியாகக் கண்.

பெரிதாக்கிப் பார்த்தான். கருவிழியில் கோணல்மாணலாக ஒரு வெள்ளைத் திட்டு. லாயம் என்றால் தூசி இல்லாமலா? சுத்தமாகத் துடைத்தான். அந்த இடத்தில் உருண்டையாக ஒற்றை ஒளிப்புள்ளி வைத்தான். கண் பளிங்காகிவிட்டது.

இனி யார் குறை சொல்வார்கள்? திரையை அவர் பக்கம் திருப்பினான்.

லாயக்காரர் எழுந்து வந்தார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். வெகுநேரம் கண்ணையே பார்த்தார்.

"எங்க தம்பி அவ?"

"யாருண்ணே?"

"கண்ணுக்குள்ள நின்னாளே."

மனுஷன் துக்கத்தில் உளறுகிறார் என்றுதான் கத்தரிக்கோல் நினைத்தான். "குதிரை போன வருத்தத்துல..." என்று இழுத்தான்.

"குதிரைக்கென்ன, லாயத்துல நிக்குது. தீனிதான் எடுக்க மாட்டேங்குது. போனது என் வீட்டுக்காரி."

அந்தப் படத்தை எடுத்தவள் அவள். அந்த வீட்டில் எந்தப் படம் எடுத்தாலும் எடுப்பது அவள்தான். பிள்ளைகள் இருந்தார்கள், இவர் இருந்தார், குதிரை இருந்தது. அவள் ஒன்றிலும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, சுவருக்கு ஒரு படம் வேண்டுமே என்று தேடும்போதுதான் அது தெரிந்தது.

"அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு. மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கா. அவ அப்படி இல்ல தம்பி."

கத்தரிக்கோல் கண்ணில் செய்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தான். ஒளிப்புள்ளி மறைந்தது. துடைத்த தூசி திரும்பி வந்தது.

பெரிதாக்கினான். தூசிக்குத் தோள் இருந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு முழங்கால் லேசாக மடங்கியிருந்தது.

"அந்தக் காதையும் முழுசா விட்ருங்க. என்னைப் பாத்தா பின்னால மடக்கிக்கும், அவ்வளவு மரியாதை. அவளப் பாத்தாத்தான் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கும்."

வெட்டிய காதுகளைக் கத்தரிக்கோல் மீட்டுக்கொடுத்தான். ஓரம், இடைவெளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கண்ணைக் கொண்டுவந்து நட்டநடுவில் வைத்தான். இப்படி ஒரு படத்தை இதற்கு முன் அவன் செய்ததில்லை. கறுப்பை ஆழமாக்கி, அவள்மேல் மட்டும் மெல்ல வெளிச்சத்தை ஏற்றினான். காது நுனி சட்டத்தைத் தொடும்வரை, உருவம் கட்டம் கட்டமாக உடைவதற்குச் சற்று முன்புவரை, படத்தைப் பெரிதாக்கி நிறுத்தினான்.

அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

உயர்த்திப் பிடித்த இரண்டு கைகள். அவற்றுக்கு நடுவே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், கைபேசி.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் பக்கம் திரும்பினான்.

லாயக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையில் அந்த இடத்தையே விரலால் தொட்டுக் காட்டினார்.

"சிரிக்கிறா, பாருங்க."