மரியம்மாவின் சீதன மாடு

மரியம்மா கயிறு பிடித்துக் கூட்டிவந்த மாட்டைப் பார்த்ததும் பாறசாலைச் சந்தைத் திடலில் நின்ற கூட்டம் தானாக விலகி வழிவிட்டது.

இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா, புருஷன் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்க்கிறாளே என்றார் பக்கத்து வீட்டுச் செல்லையன்.

சொல்லாமல் என்ன செய்வார்? அன்றைக்கு அவள் புருஷன் எலியாவுக்குப் பரீட்சை. மதராஸில் படித்து மாட்டு டாக்டர் பட்டம் வாங்கியவன். அது போதாதாம். திருவிதாங்கூர்-கொச்சியில் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போடவேண்டுமென்றாலும், இங்கத்தி அதிகாரி முன்னால் மறுபடி ஒரு மாட்டைப் பார்த்துக் காட்டி அனுமதி வாங்கவேண்டும். தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மதராஸுக்கே போகவேண்டியதுதான்.

காலமும் சரியில்லை. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊரெல்லாம் ஊர்வலம், ரோடெல்லாம் போலீஸ் வண்டி. மதராஸ் பட்டத்துக்கு மதராஸ் மாட்டைத்தானே தெரியும் என்று அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கும்போதே சிரித்தார்.

பரீட்சைக்கான மாட்டை ஊர்க்காரர்களே கொண்டுவரலாம். செல்லையன் தன் பசுவைத் தருவதாகச் சொல்லியிருந்தார். பச்சைப் பிள்ளை மடியில் கை வைத்தாலும் அது அசையாது.

மரியம்மா கொண்டுவந்ததோ அவள் பிறந்த ஊரான காரோட்டிலிருந்து வந்த சீதன மாடு. கறக்க வந்த ஆட்களெல்லாம் உதை வாங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் நானே கறந்துகொள்கிறேன் என்று மரியம்மா தொழுவத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். எப்படித்தான் கறக்கிறாளோ என்று ஊரே மூக்கில் விரல் வைத்தது.

“நல்லா சவுட்டும் சாரே,” என்றாள் அதிகாரியிடம். “சாது மாட்டக் காட்டி ஜெயிச்சாருன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லப்பிடாது.”

அதிகாரி பியூனை விட்டு மாட்டின் பின்னங்காலைத் தூக்கச் சொன்னார். தொடையில் ஒரே உதை. பியூன் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டான்.

எலியா வேட்டியை மடித்துக் கட்டினான். மாட்டின் முதுகைத் தடவினான். காலைத் தூக்கிக் குளம்பைக் காட்டினான். குந்தி உட்கார்ந்து நான்கு காம்பையும் பிடித்துப் பார்த்து, ஒன்றில் ஆறிப்போன புண்ணின் தழும்பு இருக்கிறது என்றான். மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

அதிகாரி மாட்டை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். மதராஸ் படிப்பு மோசமில்லை என்று மலையாளத்தில் முணுமுணுத்தபடி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மரியம்மாவுக்கு வந்த பெருமை கொஞ்சமா? போலீஸ் வண்டியைத் தாண்டி, மாட்டோடு நடு ரோட்டில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில், எப்போதும்போலத் தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டு உள்பக்கம் கதவோரம் காவல் நின்றாள். டாக்டர் உட்கார்ந்து பால் கறக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தால் மதிப்பு என்னாவது?

எலியாவின் செம்பில் பால் விழத் தொடங்கியது. அவள் கைக்கு அந்த மாடு இதுவரை ஒரு சொட்டுக்கூடத் தந்ததில்லை.